முனை சேராத தையலுக்கு என்ன வழி? குயில்ட் பிளாக் தைப்பவர்கள் அடிக்கடி கேட்பவை

திருப்பூர், ஈரோடு, கரூர்ப் பக்கம் துண்டுத் துணிக்குப் பஞ்சமே இல்லை. அதைச் சதுரமும் முக்கோணமுமாக வெட்டி, பிளாக் பிளாக்காக (துண்டுகள் சேர்ந்த கட்டம் கட்டமாக) ஒட்டித் தைத்துப் போர்வையாக்கும் ஆசையில் மிஷின் முன் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் தையல் தெரிந்தவர்கள்தான். ஜாக்கெட்டும் சுடிதாரும் தைத்துப் பழகிய கை. அந்தக் கைக்கும் குயில்ட்டில், அதாவது இந்த ஒட்டுப் போர்வையில், சில இடங்கள் மக்கர் பண்ணும். அந்த இடங்களைப் பற்றி வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். பல பதில்களில் "இப்படித் தையுங்கள்" என்பதைவிட "வெட்டை மாற்றுங்கள்" என்றே வரும். கஷ்டமான தையல் பாதிக்கு மேல் வெட்டும் மேசையிலேயே உருவாகிறது, அங்கேயே தீர்த்துவிடவும் முடியும்.

அளவெல்லாம் தையல்காரர் கணக்கில்: 1 இன்ச்சுக்கு 8 நூல். குயில்ட் தையலுக்கு விடும் மார்ஜின் கால் இன்ச், அதாவது 2 நூல்.

2 நூல்தானுங்க விட்டுத் தைக்கிறேன். பன்னிரண்டரை இன்ச் வர வேண்டிய பிளாக் பதினொன்னே முக்கால்தான் வருது. துணி எங்கதான் போகுது?

ஒவ்வொரு ஜாயிண்டிலும் அரை நூல் எச்சாகப் பிடித்திருக்கிறீர்கள். ஒரு ஜாயிண்டில் இரண்டு துணி இருப்பதால் அரையும் அரையும் சேர்ந்து 1 நூல் போய்விடும். குறுக்கே 6 ஜாயிண்ட் உள்ள பிளாக் என்றால் 6 நூல். நீங்கள் சொல்லும் முக்கால் இன்ச் அதுதான். ஜாக்கெட்டில் இதே பிசகு வெளியே தெரியாது. அங்கே ஜாயிண்டே நாலைந்துதான், டைட்டானால் பிரித்துவிட உள்ளே துணியும் விட்டிருப்போம். குயில்ட்டில் அந்த வசதி கிடையாது.

இன்னொன்று, துணி மடங்கித் திரும்பும் இடம் ஓர் இழை அளவு துணியைத் தின்னும். அதனால் 2 நூலுக்கு ஓர் இழை குறைவாகப் பிடித்தால்தான் முடிவில் அளவு சரியாக வரும்.

சோதிக்க எளிய வழி: ஒன்றரை இன்ச் அகலத்தில் மூன்று பட்டை வெட்டி, வரிசையாக ஒட்டித் தைத்து, இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். நடுப்பட்டை சரியாக 1 இன்ச்சும் மொத்தம் மூன்றரை இன்ச்சும் வர வேண்டும். வராவிட்டால் எந்தப் பிளாக்கையும் ஆரம்பிக்க வேண்டாம். கால் இன்ச் ஃபுட் (துணியை அழுத்தும் பாதம்) தேடி அலையவும் வேண்டியதில்லை. கிராஃப் தாளில் கால் இன்ச் கோட்டின் மேல் ஊசியை இறக்கி, தாளின் ஓரம் வரும் இடத்தில் ஊசித் தட்டின் மேல் மாஸ்கிங் டேப்பை நாலைந்து அடுக்காக ஒட்டிவிடுங்கள். துணியின் ஓரம் அந்தத் திண்டில் உரசியபடி போகும். பவர் மிஷின்காரர்கள் வைத்துக்கொள்ளும் காந்த கைடும் இதே வேலைதான் செய்யும்.

ஒய் தையல்னா என்னங்க? எல்லாரும் பயமுறுத்துறாங்க.

மூன்று துண்டுகள் ஒரே புள்ளியில் கவட்டை மாதிரிப் பிரியும் இடம். இரண்டு டைமண்டை (சாய்சதுரத் துண்டை) ஒட்டிய பிறகு அவற்றுக்கு நடுவே உள்ளொடுங்கிய ஒரு மூலை வரும் அல்லவா, அதில் ஒரு சதுரத்தைப் பொருத்துவது. நேராக ஓட்டிக்கொண்டே போய் நிறுத்த முடியாது, நடுவில் திரும்ப வேண்டும். அதுதான் பயத்துக்குக் காரணம்.

தைக்கும் முறை இது. எல்லாத் துண்டிலும் உள்பக்கம், இரண்டு ஓரத்திலிருந்தும் 2 நூல் உள்ளே பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். முதலில் இரண்டு டைமண்டையும் ஒட்டும்போது அந்தப் புள்ளியில் நின்றுவிடுங்கள். மார்ஜினுக்குள் ஒரு தையல்கூடப் போகக்கூடாது. இப்போது சதுரத்தின் ஒரு பக்கத்தை ஒரு டைமண்டோடு சேர்த்து, உள்மூலைப் புள்ளியில் ஊசியை இறக்கி, வெளிப்பக்கமாகத் தைத்து முடித்து நூலை வெட்டுங்கள். துணியை மிஷினிலிருந்து எடுத்துத் திருப்பி, மற்றப் பக்கத்தையும் அதே புள்ளியில் தொடங்கி வெளியே போங்கள். ஒரே ஓட்டத்தில் திருப்பித் தைக்கப் பார்க்கிறவர்களுக்குத்தான் சுருக்கம் விழுகிறது. இரண்டு தனித் தையல் என்று வைத்துக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

ரிவர்ஸ் இல்லாத பழைய கால் மிஷினா? தொடக்கத்தில் நீளமாக நூல் விட்டு, பின்பக்கம் இழுத்து முடிச்சுப் போடுங்கள். முடிந்ததும் மூலையை உற்றுப் பாருங்கள். சின்னதாக ஒரு மடிப்பு நின்றால் தையல் புள்ளியைத் தாண்டியிருக்கிறது, அந்த ஒரே ஒரு தையலைப் பிரித்தால் மடிப்புப் படிந்துவிடும். பொத்தல் தெரிந்தால் புள்ளிக்கு முன்பே நின்றிருக்கிறீர்கள், கையால் இரண்டு தையல் போட்டு மூடலாம்.

ஒய் தையலே இல்லாம எட்டு டைமண்ட் சேர்ற நட்சத்திரத்தைத் தைக்க முடியாதா அக்கா?

முடியும். எட்டு டைமண்ட் நட்சத்திரத்தில் நாலு மூலையிலும் சதுரம், நாலு பக்கத்திலும் முக்கோணம் வரும். அந்தச் சதுரத்தை உள்மூலையிலிருந்து பிளாக்கின் மூலைவரை குறுக்கே இரண்டாக்குங்கள். பக்கத்து முக்கோணத்தையும் நடுவில் இரண்டாக்குங்கள். இப்போது மொத்தப் பிளாக்கும் எட்டுப் பெரிய முக்கோணமாகப் பிரியும். ஒவ்வொன்றிலும் ஒரு டைமண்ட், அதன் இரு பக்கத்திலும் ஒவ்வொரு முக்கோணத் துண்டு. எல்லாமே ஓரத்திலிருந்து ஓரம்வரை போகும் நேர்த்தையல். எட்டையும் சேர்த்தால் நட்சத்திரம்.

வெட்டும்போது, சதுரத்தின் முடிவளவோடு 7 நூல் கூட்டி (மூன்று இன்ச் வேண்டுமென்றால் மூன்றே முக்காலே 1 நூல்) சதுரம் வெட்டி, மூலைக்கு மூலை இரண்டாக்கினால் மார்ஜின் சரியாக இருக்கும். பின்னமாக எழுதும்போது இது 7/8. என்னைக் கேட்டால் முழுசாக 1 இன்ச் கூட்டி வெட்டி, தைத்த பிறகு ஸ்கேல் வைத்து ஓரம் கழிப்பதே மேல்.

இதற்கும் ஒரு விலை உண்டு: பின்னணித் துணியில் நாலு மூலையிலும் நாலு பக்கத்திலும் கூடுதலாக ஒரு கோடு ஓடும். வெளுத்த காடாத் துணி மாதிரி வெற்றுத் துணியில் அது கண்ணுக்கே படாது. கட்டம் போட்டதோ பெரிய பூ போட்டதோ என்றால் பூவை வெட்டிக்கொண்டு போகும். அப்படித் துணி பிடித்துப்போய்விட்டால் ஒய் தையலையே போட்டுவிடுங்கள். பல்லடம், சோமனூர்ப் பக்கத்துத் தறிக் காடாவை வாங்கினால் வெட்டுவதற்கு முன் ஒருமுறை நனைத்துக் காயவையுங்கள். சலவைக்கு வராத காடா நன்றாகவே சுருங்கும்.

இதே யோசனை வேறு இரண்டு பிளாக்குக்கும் பொருந்தும். தேன்கூடு மாதிரி அறுகோணங்கள் வேண்டுமா? ஒவ்வொரு அறுகோணத்தையும் நடுவில் இரண்டு பாதியாக வெட்டி, பாதிகளை வரிசையாக ஒட்டுங்கள். அடுத்த வரிசையில் அதே நிறப் பாதி நேர்கீழே வரும்படி வைத்தால் முழு அறுகோணம் கிடைத்துவிடும். தைப்பதற்கு முன் எல்லாவற்றையும் தரையில் பரப்பி அடுக்கிக்கொள்வது முக்கியம். ஒரு பாதி இடம் மாறினால் மூன்று வரிசை பிரிக்க வேண்டிவரும். பெட்டி அடுக்கியது போலத் தெரியும் கனசதுர டிசைனில், மேல்முகமாக வரும் டைமண்டை அதன் குட்டைக் குறுக்கில் இரண்டாக்குங்கள். இரண்டு சமபக்க முக்கோணம் வரும். பிறகு மேலிருந்து கீழாகப் பத்தி பத்தியாகத் தைத்துக்கொண்டு போகலாம்.

நடுவுல ஒரு சதுரம், சுத்தி நாலு நீளத்துண்டு சுழலுற மாதிரி. எந்தத் துண்டுல ஆரம்பிச்சாலும் கடைசித் துண்டு சிக்குது.

முதல் துண்டைப் பாதிவரை மட்டும் தையுங்கள். நடுச்சதுரத்தின் ஓரத்தில் பாதி தூரம் ஒட்டியதும் நிறுத்தி, மீதியை விட்டுவிடுங்கள். இரண்டாவது, மூன்றாவது, நாலாவது துண்டுகளைச் சுற்றிவர முழுதாகத் தைக்கலாம். நாலாவது முடிந்ததும் முதல் துண்டின் விட்ட பாதியை இழுத்துத் தைத்தால் முடிந்தது. இதில் திருப்பமோ புள்ளியோ கிடையாது. பயந்து இந்தப் பிளாக்கை ஒதுக்கிவைப்பவர்களைப் பார்த்தால்தான் ஆச்சரியமாக இருக்கிறது.

எட்டு முனை சேர்ற இடத்துல கட்டி மாதிரி நிக்குது. பவர் மிஷின்லயே ஊசி ஒடியுது.

எட்டு முனை என்றால் அந்தப் புள்ளியில் பதினாறு அடுக்குத் துணி வந்து மோதுகிறது, ஒடியாமல் என்ன செய்யும். வழிகள் உண்டு.

முதல் வழி, மார்ஜினைச் சுழற்றிப் படியவைப்பது. இஸ்திரி போடும்போது எல்லா ஜாயிண்டையும் ஒரே திசையில், கடிகாரம் சுற்றும் பக்கமாகச் சாயுங்கள். கடைசியாகத் தைத்த நீளத் தையலில் மார்ஜினுக்குள் மட்டும் இருக்கிற, அதாவது நடுப்புள்ளிக்கு வெளியே இருக்கிற குறுக்குத் தையல்கள் இரண்டு மூன்றைப் பிரித்துவிட்டால், நடுவே மார்ஜின் தானாகவே விரிந்து சின்னக் காற்றாடியாகப் படியும். தடிமன் ஒரே இடத்தில் குவியாமல் சுற்றிலும் பரவும். நாலு சதுரம் சேரும் சாதாரண இடத்திலும் இது நன்றாக வேலை செய்யும்.

இரண்டாவது, சேர்க்கும் முறை. நாலு முனையுள்ள இரண்டு பாதிகளைச் சேர்க்கும்போது, ஒரு பாதியின் நடுப்புள்ளியில் குண்டூசியைச் செங்குத்தாகக் குத்தி, மற்றப் பாதியின் நடுப்புள்ளியில் வெளியே வரவிடுங்கள். அந்த ஊசியைச் சாய்க்காமல் அப்படியே நிறுத்தி, இரு பக்கமும் வேறு ஊசி போட்டுப் பிடித்த பிறகு எடுத்துவிடுங்கள். முழுத் தையல் போடுவதற்கு முன், நடுவில் 1 இன்ச் தூரத்துக்கு மட்டும் பெரிய தையலாக ஓட்டி, விரித்துப் பாருங்கள். முனை சேராவிட்டால் பிரிக்க வேண்டியது நாலு பெரிய தையல்தான்.

ஊசி ஏறும் இடத்தில் கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். ஃபுட் மேடேறத் தடுமாறினால், அதன் பின்பக்கம் அதே உயரத்துக்குத் துணியை மடித்து வைத்து மட்டமாக்கலாம்.

இதெல்லாம் செய்தும் நடுப்புள்ளி கோணலாக இருக்கிறதா? அதன் மேல் ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டத் துண்டை ஓரம் மடித்துக் கையால் தைத்துவிடுங்கள். பார்க்கிறவர்களுக்கு அது டிசைன். போர்வையாகச் சேர்த்து மேலே தைக்கும்போது மட்டும் அந்தப் புள்ளியின் மேல் கோட்டை ஓட்டாமல் பக்கத்தில் ஒதுங்கிப் போங்கள்.

முக்கோண முனை எல்லாம் அடுத்த தையல்ல வெட்டுப்பட்டு மொட்டையாகுது.

முனைக்கும் துணியின் ஓரத்துக்கும் நடுவே 2 நூல் இருக்கிறதா என்று தைக்கும் முன் பாருங்கள். இல்லையென்றால் ஓரத்தைக் கழிக்கும்போதே முனையின் பங்கையும் கழித்துவிட்டீர்கள். 2 நூல் இருந்தும் வெட்டுப்படுகிறது என்றால், முக்கோணம் உள்ள துண்டை மேலே வைத்துத் தையுங்கள். பின்பக்கம் இரண்டு தையல் குறுக்காக வெட்டிக்கொள்ளும் இடம் தெரியும். அந்தக் குறுக்குக்கு ஓர் இழை வெளியே, ஓரத்துப் பக்கமாக, ஊசி போக வேண்டும். மார்ஜின் அந்த இடத்தில் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. முனையும் அளவும் சண்டையிட்டால் முனைக்கே விட்டுக்கொடுங்கள்.

கிராஸா, அதாவது இழைக்குச் சாய்வா வெட்டுன ஓரம் இழுத்துக்கிட்டுப் போயிடுதுங்க. சதுரமா வெச்சது வளைஞ்சு நிக்குது.

கஞ்சி போடுங்கள், ஆனால் வெட்டுவதற்கு முன்னால். சோற்றுக் கஞ்சியின் தெளிவோ கடைக் கஞ்சியோ எதுவானாலும், துணி காகிதம் போல விறைப்பாக வேண்டும். வெட்டிய பிறகு கஞ்சி தெளித்தால், ஈரத்தில் கிராஸ் ஓரம் இன்னும் நீளும். கஞ்சித் துணியைத் துவைக்காமல் அலமாரியில் வைக்க வேண்டாம், பூச்சி வரும்.

இஸ்திரிப் பெட்டியைத் தள்ளித் தேய்க்காமல் வைத்து எடுத்து வைத்து எடுத்துப் போடுங்கள். ஒரு துண்டு நேர் ஓரம், மற்றது கிராஸ் என்றால் கிராஸ் உள்ளதைக் கீழே வையுங்கள். மிஷினின் பல் கீழ்த்துணியைக் கொஞ்சம் கூடுதலாக உள்ளே தள்ளுவதால், நீண்டுபோன துணி தானே அடங்கும். வெட்டை மாற்றும் வழி இதிலும் உண்டு: முக்கோணத்தை முக்கோணமாக வெட்டாமல், இரண்டு சதுரத்தை முகத்தோடு முகம் வைத்து, மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டின் இருபுறமும் 2 நூல் தள்ளித் தைத்து, பிறகு கோட்டில் வெட்டுங்கள். கிராஸ் ஓரம் திறப்பதற்கு முன்பே அங்கே தையல் உட்கார்ந்திருக்கும். ஒரே வேலையில் இரண்டு பிளாக்கும் கிடைக்கும்.

வளைவுத் தையல்?

சதுரத்துக்குள் கால்வட்டத் துண்டைப் பொருத்துவது. பிரின்சஸ் கட் ஜாக்கெட் தைத்தவருக்கு இது புதிதில்லை. உள்வளைவுத் துண்டு மேலே, கால்வட்டம் கீழே. இரண்டையும் பாதியாக மடித்து நடுவில் தடம் எடுத்து, நடுவிலும் இரண்டு முனையிலும் ஊசி குத்துங்கள். உள்வளைவின் ஓரத்தில் 1 நூல் ஆழத்துக்கு அங்கங்கே வெட்டுக் கொடுத்தால் துணி வளைந்து கொடுக்கும். பொறுமை இல்லாதவர்கள், தினசரி காலண்டர் அட்டையில் கால்வட்டம் வெட்டி, அதன் மேல் துணியின் ஓரத்தைக் கஞ்சி தொட்டு மடித்து இஸ்திரி போட்டு, அட்டையை எடுத்துவிட்டு, சதுரத்தின் மேல் வைத்து ஓரத்தில் தைத்துவிடலாம். அட்டை துணியில் வழுக்கினால் அடியில் உப்புத்தாள் ஒட்டிக்கொள்ளுங்கள்.

திருப்பூர்ல பனியன் துணி கிலோக் கணக்குல கிடைக்குது. அதுல தைக்கலாமா?

தைக்கலாம், ஆனால் பின்பக்கம் ஃப்யூசிங் (இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் உள்துணி) ஒட்டாமல் வேண்டாம். சிங்கிள் ஜெர்ஸி என்கிற மெல்லிய பனியன் துணி வெட்டியதுமே ஓரம் சுருண்டுகொள்ளும். தைக்கும்போது இழுபடும். தைத்த பிறகு அலை அலையாக நிற்கும். துவைத்துச் சுருக்கிய துணியின் பின்னால் மெல்லிய ஃப்யூசிங்கை வைத்து, ஒவ்வொரு இடத்திலும் 10 முதல் 15 விநாடி பெட்டியை அழுத்தி எடுத்து, முழுதாக ஆறிய பிறகு வெட்டுங்கள். அதன் பிறகு அது சாதாரண நெசவுத் துணி போல நடந்துகொள்ளும். ஊசி, பனியனுக்கான பால்பாயிண்ட்.

அப்படியும் பனியன் துணியில் எட்டு முனை நட்சத்திரம் தைக்கக் கிளம்பாதீர்கள். பெரிய சதுரம், அரை இன்ச் மார்ஜின், அவ்வளவு போதும். இன்டர்லாக் துணி ஜெர்ஸியைவிட அடங்கும். ரிப் துணியைப் பிளாக்குக்குத் தொடவே வேண்டாம்.

லுங்கித் துணிக் கட்டம், சென்னிமலைப் போர்வைக் கோடு எல்லாம் தையல் பக்கத்துல கோணலாத் தெரியுதே?

கோடு தையலுக்கு இணையாக ஓடினால் அரை நூல் கோணலும் கண்ணைக் குத்தும். ஸ்கேலை மறந்து, துணியில் இருக்கிற கோட்டையே பார்த்து வெட்டுங்கள். அல்லது கோடு தையலை நோக்கி வரும்படி திருப்பிவிடுங்கள். சென்னிமலைப் போர்வைத் துணி பிளாக்குக்குத் தடிமன், பின்பக்கத்துக்கு அருமை. அகலம் இருப்பதால் ஜாயிண்டே வராது. பவானி ஜமக்காளத்தை வெட்டலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம், அது விரித்து உட்காரவே இருக்கட்டும்.

நோம்பிக்கு எடுத்த கோரா காட்டன் சேலை, பட்டுப் பாவாடை இதெல்லாம் பிளாக்ல சேர்க்க ஆசை. பிசிறு பிசிறாப் போகுது.

மார்ஜினை 3 நூலாக்குங்கள், வெட்டும் முன் மெல்லிய ஃப்யூசிங் ஒட்டுங்கள், ஜரிகைக் கரை ஜாயிண்டுக்குள் வராமல் துண்டின் நடுவில் வரும்படி பாருங்கள். ஜரிகை மேல் சூடு படும்போது நடுவே ஒரு பருத்தித் துணி இருக்கட்டும்.

தாள் மேல வெச்சுத் தைக்கிறாங்களே, அதுல எல்லாத் தொல்லையும் தீந்திடுமா?

கூர்முனைத் தொல்லை தீரும். தாளில் வரைந்த கோட்டின் மேலேயே தைப்பதால் ஊசிமுனை போன்ற முக்கோணங்கள்கூடச் சுத்தமாக வரும். ஒய் தையல் தீராது, ஏனென்றால் இந்த முறையில் நேர்கோடு மட்டுமே ஓடும். அந்த இடத்தில் வரைபடத்தையே இரண்டு பகுதியாகப் பிரித்துத் தனித்தனியாகத் தைத்துச் சேர்க்க வேண்டும். தையலை 1.5 மில்லிமீட்டராகக் குறையுங்கள், 14ஆம் நம்பர் ஊசி போடுங்கள், தாள் சுலபமாகக் கிழியும். செய்தித்தாள் வேண்டாம், மை வெள்ளைத் துணியில் இறங்கும். தாள் கிழிக்கும் வேலை பிடிக்காதவர்கள் மெல்லிய மல் துணியில் கோடு வரைந்து தைத்து, அதை உள்ளேயே விட்டுவிடலாம்.

மிஷினே வேணாம்னு கையால தைச்சா?

ஒய் தையலுக்குக் கைதான் சுலபம். புள்ளியிலிருந்து புள்ளிவரை ஓட்டுத்தையல் போட்டு, மார்ஜினைத் தைக்காமல் விட்டுவிட்டால் எந்தப் பக்கமும் திரும்பலாம். பிளாக்கே இல்லாத வழியும் ஒன்று உண்டு. கர்நாடகத்தில் உத்தர கன்னடா மாவட்டத்து சித்தி சமூகப் பெண்கள் கவந்தி என்ற போர்வை தைக்கிறார்கள். பழைய சேலைத் துணியை அடியில் விரித்து, ஓரத்திலிருந்து தொடங்கித் துண்டுகளின் விளிம்பை மடித்து மடித்து ஒட்டி, கையாலேயே ஓட்டுத்தையல் போட்டுச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். அங்கே முனை சேர வேண்டும் என்ற கவலையே எழுவதில்லை. எட்டு முனை நட்சத்திரத்தோடு மல்லுக்கட்டி அலுத்தவர்கள் ஒரு தலையணை உறை அளவுக்கு முயன்று பார்க்கலாம்.

எப்பப் பிரிக்கணும், எப்ப விட்டுடலாம்?

முனை அரை நூல் விலகியிருந்து, இரண்டு துணியும் கிட்டத்தட்ட ஒரே நிறமென்றால் விட்டுவிடுங்கள். 1 நூல் விலகி, வெள்ளையும் அரக்கும் அடுத்தடுத்து இருந்தால் பிரியுங்கள், துவைத்தாலும் அது மறையாது. ஒரே ஜாயிண்டை மூன்றாம் முறையும் பிரிக்க நேர்ந்தால் துணியின் ஓரம் பஞ்சாகியிருக்கும். அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுப் புதிதாக வெட்டுவதே சிக்கனம். பிரிக்கும்போது ரிப்பரை உள்ளே விட்டு வேகமாக இழுக்காமல், ஒரு பக்கத்தில் நாலு தையலுக்கு ஒன்றாக வெட்டிக்கொண்டு போய், மறுபக்க நூலை உருவினால் துணி தப்பிக்கும்.

தரையில அடுக்கி வெச்ச துண்டெல்லாம் ஆடிக் காத்துல பறந்து கலைஞ்சு போச்சுங்க!

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்குப் பொள்ளாச்சியிலும் பல்லடத்திலும் ஜன்னலைச் சாத்தினால்தான் வேலை. அடுக்கியதும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரிசையின் இடது முதல் துண்டிலும் வரிசை எண்ணை எழுதிய சின்னத் தாளைக் குண்டூசியால் குத்திவிட்டு, அந்த வரிசையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரு கிளிப் போடுங்கள். பரப்பி வைக்க மெத்தை உறையோ பழைய கம்பளியோ இருந்தால் பருத்தித் துண்டு அதில் ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்கும்.